முக்கால் மூட்டையை யார் வாங்குவார்?

விருதுநகர்

அன்புள்ள தண்டபாணி,

இங்கு அனைவரும் நலம். சித்தப்பா வழக்கு இன்னும் வாய்தாவில்தான் ஓடுகிறது, அதைக் கேட்காதே. நீயாகக் கடிதம் போடமாட்டாய் என்று தெரிந்துதான் நானே எழுதுகிறேன்.

என் மருமகனுக்குப் பருப்பு உடைத்து அலுத்துவிட்டது. பட்டாணி மாவிலிருந்து புரதத்தைப் பிரித்து விற்கப்போகிறானாம். சொட்டுத் தண்ணீர் வேண்டாம், காற்றே போதும் என்றான். சோதனை ஓட்டம் பார்க்கக் கூட்டிப்போனான், வாயடைத்துப் போனேன். தோல் நீக்கிய பட்டாணியை நைசாக அரைத்தால் மாவுச்சத்து மணிகள் பெரும்பாலும் 20 முதல் 40 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) அளவில் முழுசாகக் கழன்றுகொள்கின்றன. புரதத் துணுக்குகள் 10 மைக்ரானுக்கும் கீழே. சுழல் காற்றில் விட்டால் கனமானது ஒதுங்கும், லேசானது பறந்து தனியே சேரும். முறத்தில் புடைக்கும் அதே வேலைதான். 22 சதவீதப் புரதமுள்ள மாவு உள்ளே போகிறது, 50 சதவீதம் உள்ள தூள் வெளியே வருகிறது! அரவையில்தான் சூட்சுமம். கொரகொரப்பாக இருந்தால் புரதம் மணியை விடாது. அதிகம் அரைத்தால் மணியே நொறுங்கிப் புரதத்தோடு பறந்துவிடும். கொண்டைக்கடலையில் எண்ணெய் கூடுதல், மாவு கட்டிக்கொள்ளும்.

காரத் தண்ணீரில் கரைத்து, அமிலம் விட்டுத் திரித்தெடுத்தால் 80 சதவீதத்தையும் தாண்டலாம். ஆனால் கழிவுநீர்? உன் ஜவ்வரிசி ஆலைப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தவனுக்கு அந்த ஆசை வராது.

என் தூக்கத்தைக் கெடுப்பது வேறு. புரதத் தூளைக் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். ஆனால் மூட்டையில் அது கால் பங்குதான். மிச்சம் முக்காலும் மாவுச்சத்து. யார் வாங்குவார் என்றால், “பார்த்துக்கொள்ளலாம் மாமா” என்கிறான். கடனுக்கு வீட்டுப் பத்திரம் கேட்கிறார்கள், தண்டபாணி. அது என் பெண்ணின் பெயரில் இருக்கும் வீடு.

ஜவ்வரிசியில் தலை நரைத்தவன் நீ. இந்தப் பட்டாணி மாவுச்சத்து உன் மரவள்ளி மாவு போல இழுபடாது. அமைலோஸ் என்கிற, இறுக வைக்கும் மாவுச்சத்து வகை இதில் அதிகம், ஆறினால் இறுகிவிடும். கண்ணாடி சேமியாவுக்கு நல்ல குணம்தான். ஆனால் காற்றில் பிரித்தது என்பதால் கொஞ்சம் புரதம் ஒட்டியே இருக்கும், வெண்மை குறைவு, பட்டாணி வாசனையும் போகாது. அப்பளக்காரர்கள் தொடுவார்களா? அட்டைப்பெட்டிப் பசைக்காவது போகுமா? என் மனம் நோகுமே என்று பார்க்காமல் விலையைச் சொல்.

லாரி ஆபீசில் உன் பெயருக்கு ஐந்து கிலோ போட்டிருக்கிறேன், காய்ச்சிப் பார். நான் கேட்டதை உன் சம்பந்தியிடம் மட்டும் உளறிவிடாதே; மறுநாளே மருமகன் காதுக்கு வந்துவிடும்.

உன்,
ராஜு