மணமகளின் கையொப்பத்துக்கு நல்ல நேரம் எப்போது? முஸ்லிம் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் எந்தக் கட்சி, எந்த மாவட்டம் என்று பார்த்து இதை எழுதவில்லை. இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்தும் பேச்சு வரும்போதெல்லாம் உங்கள் தரப்பிலிருந்து அதிகம் கேட்கும் பதில் ஒன்றுதான்: "இப்போது நேரம் சரியில்லை." அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் கையொப்ப விஷயம். நம் கிழக்கு மாகாணத்தில் மகளுக்குக் கல்யாணம் என்றால் வாப்பா முதலில் வீட்டுக்கு அத்திவாரம் போடுவார். கடனோ உடனோ வாங்கி வீடு எழும்பியதும், நொத்தாரிசிடம் போய் மகள் பெயருக்கு நன்கொடை உறுதி எழுதுவார். "ஏற்றுக்கொள்கிறேன்" என்று அந்த உறுதியில் மகள் ஒப்பமிட வேண்டும். அப்புறம் நிக்காஹ், அதாவது திருமண ஒப்பந்தம். பதிவாளர் புத்தகத்தை விரிக்கிறார். மாப்பிள்ளை, பெண்ணின் வலி (வாப்பா போன்ற பொறுப்பாளர்), நிக்காஹ் நடத்திவைத்தவர் ஆகிய மூவரின் பிரகடனத்தைத்தான் சட்டத்தின் 18ஆம் பிரிவு கேட்கிறது. மணமகளிடம் எதையும் கேட்கவில்லை. சிமெந்துச் சுவரை ஏற்றுக்கொள்ள அவளுடைய ஒப்பம் வேண்டும். அந்தச் சுவருக்குள் யாரோடு வாழப்போகிறாள் என்பதற்கு வேண்டாமாம்.

இதை மார்க்கம் என்று சொல்லாதீர்கள். கன்ஸா பின்த் கிதாம் என்ற ஸஹாபிப் பெண், அதாவது நபித்தோழி, தன் தந்தை தனக்கு விருப்பமில்லாத இடத்தில் மணமுடித்து வைத்துவிட்டார் என்று நபியவர்களிடம் முறையிட்டபோது, அந்தத் திருமணத்தையே நபியவர்கள் ரத்துச் செய்த செய்தி புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. அவர் அதற்கு முன்பே ஒருமுறை மணமாகியிருந்தவர், அது வேறு என்பீர்கள். சரி, கன்னிப் பெண்ணிடமும் அனுமதி கேட்க வேண்டும் என்ற ஹதீஸும் அதே கிதாபில்தானே இருக்கிறது? கேட்கச் சொன்ன அனுமதியைப் பதிவுப் புத்தகத்தில் எழுதிவைப்பதில் என்ன குற்றம்?

இந்தச் சட்டம் வானத்திலிருந்து இறங்கியதுமல்ல. ஒல்லாந்தர் தங்கள் பத்தாவியாவிலிருந்து, அதாவது இன்றைய ஜகார்த்தாவிலிருந்து, கொண்டுவந்த தொகுப்பு ஒன்று, அதைத் தழுவி ஆங்கிலேயர் ஆக்கிய 1806ஆம் ஆண்டுக் கோவை, காதி எனும் முஸ்லிம் குடும்ப நீதிபதி முறையைக் கொண்டுவந்த 1929ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், கடைசியாக 1951. ஒவ்வொரு தடவையும் மனிதர்கள்தான் உட்கார்ந்து திருத்தினார்கள்.

அந்த ஜகார்த்தா இன்று எங்கே நிற்கிறது? இந்தோனேசியாவின் 1974ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் இருவரின் சம்மதத்தையும் அடிப்படையாக வைக்கிறது. அதில் பெண்ணுக்கு 16 என்று இருந்த வயதை 2019இல் 19 ஆக்கினார்கள், ஆணுக்கும் அதே. அதற்கு இரண்டு வருடம் முன்பு சிரபோனில் பெண் உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) மாநாடு கூட்டிச் சிறுவயதுத் திருமணத்துக்கு எதிராக ஃபத்வாவே கொடுத்தார்கள். அங்கே மார்க்க நீதிமன்றங்களில் பெண்கள் நீதிபதிகளாக இருப்பது புதினமே இல்லை. அவர்களும் நம்மைப்போல ஷாஃபிஈ மத்ஹபினர்தான், அதே சட்ட வழிமுறையைப் பின்பற்றுபவர்கள்தான். மலேசியாவும் 2010இல் ஷரீஆ நீதிமன்றத்துக்குப் பெண் நீதிபதிகளை நியமித்தது. பாகிஸ்தானின் சிந்து மாகாணம் 2014இல் திருமண வயதை 18 ஆக்கியது. விலக்குகளும் ஓட்டைகளும் எல்லா நாட்டிலும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நாம்?

நம் சட்டத்தில் 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் திருமணத்தைப் பதிய மட்டும் காதியின் அனுமதி வேண்டும். 12 தாண்டிவிட்டால் அதுவும் தேவையில்லை. நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்கு 1995 முதல் 18. இதை அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளை வைத்தும் கேட்க முடியாது. பழைய சட்டங்கள் முரணாக இருந்தாலும் செல்லுபடியாகும் என்று 16ஆம் உறுப்புரை கதவைச் சாத்திவிட்டது. ஆகவே வழி உங்கள் சபை ஒன்றுதான்.

இனி "நேரம்". 2009இல் இந்தச் சட்டத்தைத் திருத்த நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில் குழு போட்டார்கள். யுத்தம் முடிந்த வருடம் அது. 2018 ஜனவரியில் அறிக்கை வந்தது, அதுவும் குழு இரண்டாகப் பிரிந்து இருவேறு சிபாரிசுகளோடு. அடுத்த வருடம் ஈஸ்டர் தாக்குதல். அதன் பிறகு கொரோனாவில் இறந்த நம்மவர்களின் மையித்துகளை அடக்க விடாமல் எரித்தார்கள். 2021இல் "ஒரே நாடு ஒரே சட்டம்" என்று செயலணி அமைத்து, முஸ்லிம் எதிர்ப்புப் பேச்சுக்குப் பேர்போன ஞானசார தேரரைத் தலைவராக்கினார்கள். அந்த நேரத்தில் உங்களுக்கிருந்த பயம் எனக்கும் இருந்தது. நம் பெண்களின் கண்ணீரை எடுத்து நம் சமூகத்தையே அடிக்கப் பலர் காத்திருந்தார்கள். ஆனால் செயலணிக்கு அந்தத் தடியை யார் கொடுத்தது? 2009க்கும் 2018க்கும் இடையில் நாமே திருத்தியிருந்தால் அவர்கள் கையில் எதுவும் இருந்திருக்காது.

காதி நீதிமன்றங்களை மூடிவிடுங்கள் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாத பெண்ணுக்கு மாவட்ட நீதிமன்றப் படி உயரமானது. காதியிடம் சட்டத்தரணி இல்லாமலே போகலாம். ஆனால் போய் என்ன நடக்கிறது? கணவன் தலாக் சொல்ல விரும்பினால் காரணம் காட்டத் தேவையில்லை. மனைவி ஃபஸஹ் (கணவனின் குற்றம் காட்டிப் பெறும் விவாகரத்து) கேட்டால் சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். கேட்டுத் தீர்மானிக்கும் காதி ஆண், கூட இருக்கும் மூன்று ஜூரிமாரும் ஆண்கள், மேன்முறையீடு போனால் காதிகள் சபையும் ஆண்கள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே எழுதிவைத்திருக்கிறது. படுக்கையறை வரை போகும் ஒரு முறைப்பாட்டை, பல இடங்களில் காதியின் வீட்டு விறாந்தையில் வைத்து, ஒரு பெண் இத்தனை ஆண்கள் முன் சொல்ல வேண்டியிருக்கிறது. முறையான அலுவலகமும் பயிற்சியும் கௌரவமான கொடுப்பனவும் காதிமாருக்கும் தேவை, அதையும் கேளுங்கள்.

பலதார மணம், கைக்கூலி (சீதனப் பணம்), தாபரிப்பு (ஜீவனாம்சம்) என்று விவாதிக்க இன்னும் நிறைய இருக்கிறது. அவற்றுக்கு உங்களுக்குள் உடன்பாடு வரக் காலம் எடுக்கலாம். மூன்று விஷயங்களுக்கு எடுக்கத் தேவையில்லை: பதிவில் மணமகளின் கையொப்பம், இருவருக்கும் 18 வயது, காதிப் பதவிக்கான தகைமையிலிருந்து "ஆண்" என்ற சொல்லை எடுப்பது.

நீதியமைச்சர் கொண்டுவரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தனி உறுப்பினர் சட்டமூலமாக நீங்களே சேர்ந்து கொண்டுவரலாம். அதற்கு முன் ஒவ்வொருவரும் இந்த மூன்றில் எதை ஆதரிக்கிறீர்கள், எதை எதிர்க்கிறீர்கள், ஏன் என்று உங்கள் பெயரிட்டுப் பகிரங்கமாக எழுத்தில் தாருங்கள். கூட்டறிக்கை வேண்டாம், அதில் யார் என்ன சொன்னார் என்பது தெரிவதில்லை.

இப்படிக்கு,
கிழக்கு மாகாண வாக்காளர் ஒருத்தி