இலைமுகமும் முளைப்பாரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பச்சைநிறத் தெய்வங்களைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இங்கிலாந்துத் தேவாலயங்களின் இலைமுகச் சிற்பம், எகிப்தின் ஒசிரிஸ், இஸ்லாமியரின் கிள்ர் நபி, நம் பச்சையம்மன் ஆகிய எல்லாமே ஆதியில் வணங்கப்பட்ட ஒரே வனதெய்வத்தின் வெவ்வேறு வடிவங்கள் என்று கட்டுரையாளர் முடிவு கட்டியிருக்கிறார். படிக்கச் சுவையாகத்தான் இருந்தது. ஆனால் அதை ஒப்புக்கொள்வதற்கு முன் கேட்க வேண்டிய சில கேள்விகள் இருக்கின்றன.

கட்டுரையில் படமாக வந்திருக்கும் இலைமுகத்துக்கு ஆங்கிலத்தில் 'கிரீன் மேன்', அதாவது பச்சை மனிதன், என்று பெயர். வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் கொடிகள் கிளம்பும் இம்முகங்கள் ரோமானியர் காலத்திலேயே செதுக்கப்பட்டவை. ஸ்காட்லாந்தில் 1446-இல் கட்டத் தொடங்கிய ராஸ்லின் தேவாலயத்தில் மட்டும் நூற்றுக்கு மேல் உள்ளன. ஆனால் அந்தப் பெயரை இவற்றுக்குச் சூட்டியவர் ராக்லன் சீமாட்டி. அவர் 1939-இல் நாட்டார் வழக்காற்று இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையின் வழியாகத்தான் அது நிலைபெற்றது. வேல்ஸ் நாட்டின் மன்மத்ஷயர் பகுதியில் ஒரு கிராமத்துத் தேவாலயத்தில் அப்படியொரு முகத்தைக் கண்ட அவர், மதுக்கடைப் பலகைகளிலும் பழைய ஊர்வலங்களிலும் வழங்கிய 'பச்சை மனிதன்' என்ற பெயரை அதற்குப் பொருத்தி, மே மாத விழாவில் இலைக்கூட்டைச் சுமந்து ஆடும் மனிதனையும் அதனோடு சேர்த்துவிட்டார். அந்த இலைக்கூட்டு ஆட்டமோ, லண்டனில் புகைபோக்கி துடைக்கும் தொழிலாளர்கள் காசு திரட்ட ஆடியது என்பதையும், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முன் அதற்குச் சான்றில்லை என்பதையும் 1979-இல் ராய் ஜட்ஜ் என்ற ஆய்வாளர் எடுத்துக் காட்டினார். இருந்தும் பெயர் ஒட்டிக்கொண்டது. 2023-இல் மன்னர் மூன்றாம் சார்லஸின் முடிசூட்டு விழா அழைப்பிதழிலேயே இலைமுகம் இடம்பெற்றது. சிற்பம் பழையது, அதைத் தெய்வமாக்கிய கதை புதியது என்பதைக் கட்டுரையாளர் ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம்.

நம் கோயில்களில் சுவாமி சிலையைச் சுற்றி வளையும் திருவாசியின் உச்சியில் விழி பிதுங்க அமர்ந்திருக்கும் கீர்த்திமுகத்தையும் அவர் இந்தக் கணக்கில் சேர்க்கிறார். கீர்த்திமுகத்தின் கதை பசியின் கதை: சிவபெருமான் படைத்த பூதம் உண்ண இரையின்றித் தன் உடலையே தின்று, முகம் மட்டும் மிஞ்சி, வாசலைக் காக்கும் பேறு பெற்றது. அங்கே காடும் இல்லை, வசந்தமும் இல்லை.

கிள்ர் நபியின் செய்தியோ வேறு. அரபு மொழியில் அப்பெயருக்குப் பசுமை என்பதே பொருள். அவர் அமர்ந்த வறண்ட வெண்ணிலம் பசுமையாக மாறியதால் அப்பெயர் வந்ததென்று நபிமொழி கூறுகிறது. திருக்குர்ஆனின் பதினெட்டாம் அத்தியாயத்தில் மூசா நபிக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுக்கும் பெயர் சொல்லப்படாத அடியார் அவரே என்பது விரிவுரையாளர்களின் கருத்து. மேலப்பாளையத்து இஸ்லாமிய நண்பரிடம் கட்டுரையைக் காட்டினேன். "ஞானம் சொல்ல வந்தவரைக் காட்டுத்தேவதை ஆக்கிட்டாங்களே!" என்று சிரித்தார்.

இனி நம் சீமைக்கு வருகிறேன். திருச்செந்தூர் ஆவணி, மாசித் திருவிழாக்களில் சண்முகர் ஏழாம் நாள் மாலை சிவப்புச் சாத்தி எனப்படும் சிவப்பு அலங்காரத்திலும், எட்டாம் நாள் அதிகாலை வெள்ளை சாத்தியிலும், அன்று நண்பகல் பச்சை சாத்தியிலும் எழுந்தருள்வதைப் பார்க்காதவர்கள் இப்பக்கம் குறைவு. சிவப்பு சிவனுக்கும், வெள்ளை பிரம்மனுக்கும், பச்சை திருமாலுக்கும் உரியவை என்பது மரபு. பச்சைப் பட்டும் மரிக்கொழுந்து மாலையுமாகச் சுவாமி வரும்போது கூட்டம் கைகூப்புவது காக்கும் கடவுளின் மேனி வண்ணத்தை நோக்கித்தானே தவிர, ஏதோ ஒரு வனதேவதையை நோக்கியன்று. பச்சைமால் என்று இப்பகுதியில் பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதும் அவ்வழியேதான்.

மேலும், தமிழில் பச்சை என்பது நிறம் மட்டும் அன்று. பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்கிறோம். காய்ச்சாத பால் பச்சைப் பால், சுடாத பானை பச்சைப் பானை, ஆறாத புண் பச்சைப் புண். ஈரம் உலராத, இன்னும் இறுகிப்போகாத நிலையைக் குறிக்கும் இந்தச் சொல்லை ஆங்கிலத்தின் 'கிரீன்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்துவிட்டு ஒப்பிட்டால், பாதிப் பொருள் வெளியே நின்றுவிடும்.

ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் கட்டுரையாளர் பார்க்கத் தவறிய இடம் ஒன்று உண்டு. என் சிறு வயதில் ஆச்சி ஊரில் அம்மன் கொடை விழாவுக்கு முளைப்பாரி போடுவார்கள். வாயகன்ற மண்சட்டியில் வைக்கோலை நறுக்கிப் போட்டு, கரம்பை மண்ணும் பொடித்த சாணியும் தூவி, ஊறவைத்த பாசிப்பயறும் தட்டப்பயறும் மொச்சையும் விதைத்து, வெயில் துளியும் நுழையாத அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். விரதம் இருக்கும் பெண்கள் மட்டும் உள்ளே போய்த் தண்ணீர் தெளித்து வருவார்கள். கொடையன்று வெளியே வரும் முளைகள் முழ உயரம் இருக்கும், ஆனால் பச்சையாக இரா. வெளிச்சம் காணாததால் வெளிறிய மஞ்சளாக, தொட்டால் ஒடிந்துவிடும் போல் இருக்கும். அவை எப்படி வளர்ந்திருக்கின்றன என்பதை வைத்து அவ்வாண்டின் வெள்ளாமையைச் சொல்வார்கள். பிறகு கும்மியடித்து ஆற்றில் கரைப்பார்கள். எகிப்தியரும் ஒசிரிஸின் உருவில் செய்த மரச்சட்டத்தில் நைல் வண்டலை நிரப்பி, பார்லி விதைத்துக் கல்லறைக்குள் வைத்தார்கள். 1922-இல் கண்டுபிடிக்கப்பட்ட எகிப்திய மன்னன் தூத்தன்காமனின் கல்லறையில் அப்படியொன்று, இருட்டிலேயே முளைவிட்டுக் காய்ந்துபோன நிலையில் கிடைத்தது. ஆற்று வண்டலை நம்பி வாழ்ந்த இரண்டு ஊர்கள் விதைக்குள் ஒரே அதிசயத்தைக் கண்டிருக்கின்றன என்று மட்டும் சொல்லலாம். அங்கிருந்து இங்கே ஒரு தெய்வம் நடந்து வந்தது என்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை.

இலைமுகப் படத்தின் கீழ் 'உலகின் ஆதி தெய்வம்' என்று அச்சிட்டிருப்பதை அடுத்த இதழில் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கூடவே ஒரு முளைப்பாரிப் படத்தையும் போட முடிந்தால், சட்டியைத் தலையில் வைத்து ஊர்வலம் வரும் படமாக அல்லாமல், முளைகளைக் கிட்டத்திலிருந்து எடுத்த படமாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.