பசித்தவரை விரட்டும் அன்னதானம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தைப்பூசம், சித்ரா பௌர்ணமி, ஆடி வெள்ளி போன்ற நாள்களில் நம் சாலையோரங்களில் அன்னதானப் பந்தல்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருவதைத் தங்கள் நாளிதழ் படங்களுடன் வெளியிட்டு வருகிறது. சோறு போடுவதை யாரும் குறை சொல்ல முடியாது. என் நோக்கமும் அதுவன்று. ஆனால் அந்தப் பந்தல்களில் யாருக்குச் சோறு கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை, எந்த முகத்தோடு அது கொடுக்கப்படுகிறது என்பவை படங்களில் வருவதில்லை என்பதால், வடலூருக்குப் பக்கத்தில் வாழ்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

வள்ளலார் இராமலிங்க அடிகள் 1867 மே 23 அன்று வடலூரில் பசித்தவர்களுக்குச் சோறிடும் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். முந்தைய ஆண்டின் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டியிருந்த நேரம் அது. அதற்கு நிலம் கொடுத்தவர்கள் அரசர்களோ ஜமீன்தார்களோ அல்லர். பார்வதிபுரத்து மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலத்தை மனமுவந்து எழுதிக் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் காக்கப்பட்டு வருகிறது. அறுவடை முடிந்ததும் ஒரு மூட்டை நெல்லையோ அரிசியையோ கொண்டுவந்து இறக்கிவிட்டு, பெயரைக்கூடச் சொல்லாமல் போகிற விவசாயிகள் எங்கள் பகுதியில் உண்டு. பசித்து வந்தவரிடம் எந்தத் தேசத்தார், எந்தச் சமயத்தார், எந்தச் சாதியார், எப்படிப்பட்ட நடத்தை உடையவர் என்று பேதம் பார்த்து விசாரிக்காமல் பசியாற்ற வேண்டும் என்று அடிகள் எழுதிவைத்தார். நடத்தையையும் விசாரிக்கக் கூடாது என்று அவர் சேர்த்துச் சொன்னதுதான் நம்மில் பலருக்கு இன்றும் ஒவ்வாத இடம். குடிகாரனுக்கு எதற்குச் சோறு, உழைக்கத் தெம்பிருப்பவனுக்கு எதற்குச் சோறு என்று கேட்டுக்கொண்டே ஜோதி தரிசனத்துக்கு வரிசையில் நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடந்த தைப்பூசத்தின்போது வடலூர் செல்லும் சாலையில் ஒரு பெரிய பந்தலில் கண்டதைச் சொல்ல வேண்டும். காரில் வந்தவர்களைத் தொண்டர்கள் கைகாட்டி நிறுத்தி, "சாமி பிரசாதம், அவசியம் வாங்கிக்குங்க" என்று கண்ணாடியைத் தட்டித் தட்டிச் சாம்பார் சாதத்தையும் கேசரியையும் கொடுத்தார்கள். அவர்களில் பலர் இரண்டு வாய் உண்டுவிட்டுத் தட்டைச் சாலையோரத்தில் வீசிச் சென்றார்கள். அதே பந்தலில் கையில் தூக்குவாளியோடு நின்ற ஒரு மூதாட்டியை, "ஏற்கெனவே வாங்கிட்டுத்தானே போன, திரும்பவும் வந்து நிக்கிறியே" என்று ஒரு தொண்டர் எல்லாரும் கேட்கும்படி அதட்டி விரட்டினார். வீட்டில் படுத்திருக்கும் கணவருக்காக வந்ததாக அந்த அம்மா சொன்னது அவர் காதில் விழவில்லை. பந்தலுக்குப் பின்புறம் அண்டா தேய்த்துக்கொண்டிருந்த பெண்களிடம் பேசியபோது, காலை நான்கு மணிக்கு வந்தவர்கள் பிற்பகல் மூன்று மணி வரை சாப்பிடவில்லை என்றும், முந்தைய ஆண்டுக் கூலியில் பாதி இன்னும் பாக்கி என்றும் சொன்னார்கள். பந்தலின் முகப்பிலோ, கூப்பிய கைகளோடு உபயதாரர் குடும்பத்தின் ஆளுயரப் படம். எத்தனை ஆயிரம் பேருக்குச் சோறு போட்டாலும், அந்தச் சோற்றை ஆக்கியவருக்குக் கூலி கொடுக்காதவர் செய்வது தருமம் ஆகாது. அது அந்தப் பெண்களுடைய பணத்தில் நடந்த அன்னதானம்.

மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயிலில் 2021இல் நடந்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அன்னதானப் பந்தியில் உட்கார விடாமல் தம்மைத் துரத்தியதாக நரிக்குறவர் சமூகத்துப் பெண் ஒருவர் பேசிய காணொளி நாடெங்கும் பரவியது. பின்னர் இந்து சமய அறநிலையத் துறை அமைச்சர் அதே கோயிலுக்குச் சென்று அவரோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்டார். அமைச்சர் செய்தது நல்ல செயல். ஆயினும் என் மனத்தை விட்டு அகலாதவர்கள், அன்று முதல் பந்தியில் இலை போட்டு அமர்ந்திருந்த பக்தர்கள்தாம். பெருமாளைச் சேவித்துவிட்டு வந்து உட்கார்ந்த அவர்கள் எழுந்து நின்று, "அந்த அம்மா உட்காராமல் நாங்கள் உண்ண மாட்டோம்" என்று சொல்லியிருந்தால் அமைச்சர் வந்துதான் தீர வேண்டும் என்ற நிலையே ஏற்பட்டிருக்காது. கோயில்களில் அன்னதானத் திட்டத்தை அரசு 2002இல் தொடங்கி, 2012 முதல் திருவரங்கத்திலும் பழனியிலும் நாள் முழுவதும் உணவு வழங்க வகை செய்து, பின்னர் மேலும் பல கோயில்களுக்கு அதை விரிவாக்கியிருக்கிறது. அரிசியும் பருப்பும் ஆணையிட்டால் வந்துவிடும். பக்கத்து இலையில் யார் அமர்ந்தாலும் முகம் சுளிக்காத மனத்தைப் பக்தர்கள்தாம் கொண்டுவர வேண்டும்.

இந்தக் குறை ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று. வலது கை கொடுப்பதை இடது கை அறியக் கூடாது என்பது கிறித்தவர்களுக்கும் இசுலாமியர்களுக்கும் பொதுவான போதனை. ஆனாலும் ஒரு சேலையையோ ஐந்து கிலோ அரிசியையோ நான்கு பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டு, வாங்குபவரைக் கேமராவைப் பார்க்கச் சொல்லிப் படம் எடுத்து, அன்று மாலையே வாட்ஸ்அப்பில் போடுவதில் எல்லாச் சமயத்தாரும் இன்று ஒன்றுபட்டிருக்கிறார்கள். தன் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் அந்தப் படம் சுற்றுமே என்று அஞ்சி, வெள்ள நிவாரணமே வேண்டாம் என்று ஒதுங்கிய ஒரு தாயை நான் அறிவேன். மறுபக்கம், ரமலான் மாதத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு வரும் பிள்ளைகளில் எந்த வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்பதில்லை. யாரும் படம் எடுப்பதுமில்லை.

தங்கள் நாளிதழிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: உதவி பெறுபவரின் முகம் தெரியும் படங்களை இனி வெளியிடாதீர்கள். பந்தல் அமைக்கும் அன்பர்களிடமும் சில சொல்ல வேண்டும். சமையல் செய்பவர்கள், பாத்திரம் கழுவுபவர்கள், இலை எடுப்பவர்கள் ஆகியோரின் கூலியை அன்றன்றே கொடுத்துவிடுங்கள். அவர்களைப் பசியாற்றிவிட்டுப் பந்தலைத் திறங்கள். இரண்டாம் முறை வருபவரிடம் கணக்குக் கேட்காதீர்கள். தைப்பூசத்தன்று வடலூரில் சோற்றுக்குக் குறைவில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வயலில் தண்ணீர் நின்று, கூலி வேலையின்றி எங்கள் மாவட்டத்துக் குடிசைகளில் அடுப்பு எரியாத நாள்கள் வருகின்றன. திருவிழாவுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை அந்த நாள்களுக்கு எடுத்துவையுங்கள். எங்கெங்கே அரிசி போய்ச் சேர வேண்டும் என்பதை அந்தந்த ஊரின் சத்துணவு, அங்கன்வாடிப் பணியாளர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
குறிஞ்சிப்பாடி, கடலூர் மாவட்டம்.