கட்டைப் பையனைப் பார்த்துவிட்டு வந்தேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி மழைக்கு முன்னால் ஏறும், மழை வந்ததும் இறங்கிவிடும். இந்த ஐப்பசியிலும் அதேதான். ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்தில் நாடகம் பார்த்ததைப் போனில் சொல்ல ஆரம்பித்தேன், நீ மீட்டிங் என்று வைத்துவிட்டாய். சரி, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கடுதாசியில் நடுவில் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

எதிர்வீட்டு ஸ்தபதியின் பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் டிக்கெட் கொடுத்திருந்தார்கள். அவருக்கு அன்று வார்ப்பு வேலை, நகர முடியாது. என்னைக் கூட்டிப்போகச் சொன்னார். முகமூடி போட்ட ஆட்களும் பொம்மையும் சேர்ந்து நடிக்கிற நாடகம், பினோக்கியோ கதை. மரக்கட்டையில் செதுக்கிய பையன் உயிர் பெற்று, பொய் சொன்னால் மூக்கு நீளுமே, அதுதான். நீயும் நானும் டிவியில் பார்த்த கார்ட்டூன் போல இருக்கும் என்று நினைத்துப் போனேன். அது வேறு, இது வேறு. திமிங்கிலம்கூடக் கிடையாது, மூலக்கதையில் விழுங்குவது பெரிய சுறாவாம்.

ஆரம்பிக்கும் முன் குழுவிலிருந்து ஒரு தம்பி வந்து சொன்னார். கார்லோ கொலோடி என்கிற இத்தாலிக்காரர் 1881-ல் ஒரு சிறுவர் பத்திரிகையில் இதைத் தொடராக எழுதத் தொடங்கினாராம். பதினைந்தாவது அத்தியாயத்தில் பையனை மரத்தில் தூக்கில் தொங்கவிட்டு, கதை முடிந்தது என்று போய்விட்டாராம். படித்த பிள்ளைகள் விடவில்லை. மறுபடி எழுத வைத்திருக்கிறார்கள். 1883-ல்தான் முழுப் புத்தகமாக வந்தது. குழந்தைகள் கேட்டு ஒருவன் பிழைத்து வந்தான் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

பொம்மையை நான் தச்சன் கண்ணால்தான் பார்த்தேன், வேறு எப்படிப் பார்ப்பது? மூன்றடி உயரம் இருக்கும். முட்டியில் கீல் போடாமல் தோல்பட்டை வைத்து மடித்திருந்தார்கள். நடக்கும்போது கொஞ்சம் தொய்ந்து, பிறகு டக்கென்று நேராகும். குடித்தவன் நடை மாதிரி ஆரம்பித்து, பாதி நாடகத்துக்குள் அதுவே அவன் நடை என்று ஆகிவிட்டது. கருப்பு உடை போட்ட இரண்டு பேர் பின்னால் நின்று ஆட்டுகிறார்கள், ஒளியவே இல்லை. கொஞ்ச நேரத்தில் அவர்கள் நம் கண்ணில் படுவதில்லை. கணப்பில் காலை நீட்டித் தூங்கிப் பாதம் எரிந்துபோகிற இடத்தில், இரண்டு பாதத்தையும் முளையோடு உருவி எடுத்துவிட்டார்கள். குழந்தைகள் கத்தினார்கள். நான் முளை என்ன தடிமன் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனிதர்களுக்கெல்லாம் முகமூடி. காகிதக்கூழில் செய்தது, மேலுதட்டோடு நின்றுவிடுகிறது, வாய் மட்டும் வெளியே. மெலட்டூர் பாகவத மேளா நாடகத்தில் நரசிம்மர் முகமூடியோடு வந்ததும் நீ என் வேட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. ஆனால் அந்த முகமூடி சாமி. கோயிலில் வைத்துப் பூஜை செய்வது, போட்டுக்கொள்கிறவர் விரதம் இருப்பார். இதையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பேசக்கூடாதுதான். இருந்தாலும் அசையாத முகத்தைப் பார்த்து ஒரு கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவது இரண்டு இடத்திலும் நடந்தது.

ஒரு இடம் சொல்கிறேன். பையன் பள்ளிக்கூடம் போக அரிச்சுவடி வேண்டும். அவனைச் செதுக்கிய அப்பன் ஜெப்பெட்டோவிடம் காசு இல்லை. வெளியே பனி கொட்டுகிறது. பழைய கோட்டை மாட்டிக்கொண்டு போகிறான், கையில் புத்தகத்தோடு வெறும் சட்டையில் திரும்பி வருகிறான். கோட்டு எங்கே என்று பையன் கேட்க, புழுக்கமாக இருந்தது, விற்றுவிட்டேன் என்கிறான். முகமூடி அப்படியேதான் இருக்கிறது. தோள் மட்டும் லேசாக நடுங்குகிறது. ஸ்தபதி பேத்தி என் காதில், "தாத்தா, அவர் பொய் சொல்றாரு, மூக்கு ஏன் வளரல?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பையன் மூக்கு நீள்வதற்கு ரொம்ப முன்னாலேயே அப்பன் இப்படிப் பொய் சொல்லியிருக்கிறான் பார். உன் காலேஜ் நாளில் நானும் ஒன்றிரண்டு சொல்லியிருக்கிறேன். என்னவென்று கேட்காதே.

அந்தப் புத்தகத்தைத்தான் மறுநாளே பையன் விற்றுவிடுகிறான். பள்ளிக்கூடம் போகிற வழியில் மேளச் சத்தம் கேட்கிறது, பொம்மலாட்டம் நடக்கிறது, உள்ளே போகக் காசு வேண்டும். இந்தக் காட்சிக்கு அந்தக் குழு செய்ததை நீ பார்த்திருக்க வேண்டும். மூலக்கதையில் அந்த ஊர்ப் பொம்மைகள் ஆடுமாம். இவர்கள் நம் பக்கத்துப் பொம்மலாட்டக்காரர் ஒருவரை அழைத்து வந்துவிட்டார்கள். திரை விலகியதும் வள்ளியும் முருகனும்! கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, பட்டு கட்டி, ஜிமிக்கி போட்ட பொம்மைகள். நாலரை அடி வரை செய்வார்கள், ஒரு பொம்மை பத்துக் கிலோ வரும். ஆட்டுகிறவர் தலையில் இரும்பு வளையத்தைக் கவிழ்த்துக்கொண்டு, அதிலிருந்து இறங்கும் கயிற்றால் பொம்மையின் கனத்தைத் தாங்குவார். கைகளுக்குத் தனியாகக் கம்பி. அவர் தலையை ஆட்டினால் வள்ளி தலையை ஆட்டுவாள். வள்ளி பாட்டை நடுவில் நிறுத்திவிட்டு, கீழே கூட்டத்தில் நிற்கிற கட்டைப் பையனைப் பார்த்து, "டேய், நீ நம்ம ஆளுடா! மேல வாடா தம்பி!" என்றாள். அரங்கமே எழுந்து கைதட்டியது. முருங்கைக் கட்டையும் எந்தச் சீமைக் கட்டையோ ஒன்றும் கட்டிக்கொண்டு ஆடியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இது கதையிலேயே இருக்கிறதாம், பொம்மைகள் அவனைச் சொந்தம் என்று கண்டுகொள்வது. வள்ளி மட்டும்தான் இவர்கள் சேர்த்தது.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாகப் போயிற்று. பொம்மலாட்ட முதலாளிக்கு இரக்கம் வந்தால் தும்மல் வரும், அவன் தும்மித் தும்மி ஐந்து தங்கக் காசு கொடுக்கிறான். மண்ணில் புதைத்தால் காசு மரமாக முளைக்கும் என்று நொண்டி நரியும் குருட்டுப் பூனையும் வேஷம் போட்டு ஏமாற்றுகின்றன. பெரியவர்கள் வரிசையில்தான் அதிகச் சிரிப்பு. பணத்தை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்றவர்களிடம் கொண்டுபோய்க் கொட்டியவர்கள் சிலர் என் வரிசையிலேயே இருந்தார்கள். கழுதையாக மாறுகிற காட்சி நீளம், குறைத்திருக்கலாம். சுறா வயிற்றுக்குள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அப்பனைக் கண்டுபிடிப்பது நன்றாக இருந்தது.

முடிவுதான் எனக்கு ஒப்பவில்லை. ஒரு பையன் ஓடிவந்து முகமூடியைக் கழற்றுகிறான், இனி அவன்தான் பினோக்கியோ, நிஜப் பையன், நல்ல பையன். கட்டைப் பையனை நாற்காலி மேல் சாய்த்துவிட்டார்கள், தலை ஒரு பக்கம் தொங்க, கை துவண்டு. புத்தகத்திலும் அப்படித்தானாம். பேத்தி வரும் வழியெல்லாம் நாற்காலியில் இருந்தவனைப் பற்றியே கேட்டாள். நானும் பஸ்ஸில் அவனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரம் எங்களைக் கட்டிப்போட்டவன் அவன்தானே, கடைசியில் வந்த பையனை எங்களுக்கு யாரென்றே தெரியாதே.

தருண் புது கலர் பென்சில் டப்பாவைக் கொடுத்து கிரிக்கெட் கார்டு வாங்கினான் என்று நீ அழாத குறையாகச் சொன்னாயே, அதற்கும் சேர்த்துத்தான் இவ்வளவும் எழுதினேன். பென்சில் போனது போனதுதான், கண்டித்தது சரி. ஆனால் கார்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, ஒழுங்காக இருந்தால்தான் தருவேன் என்கிறாயே, அது வேண்டாம். மேளச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கிற பிள்ளை அவன். நீயும் அப்படித்தான் இருந்தாய், தெருக்கூத்துக்காரன் பின்னால் வலங்கைமான் வரை போனவள்.

நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய்ப் பொம்மையை வாங்கிப் பார்த்தேன். இடுப்பு மூட்டில் ஒரு குறை இருக்கிறது, அந்தத் தம்பியிடம் சொன்னேன், எழுதிக்கொண்டார். பட்டறையில் கல்யாண முருங்கைக் கட்டை ஒன்று காய்ந்து தயாராக இருக்கிறது. அரையாண்டு லீவுக்கு நீங்கள் வருவதற்குள் ஒன்று செய்துவிடுவேன், மூக்கு கழற்றி மாட்டுகிற மாதிரி. கதையில் ஜெப்பெட்டோ காகிதத்தில் சட்டையும், மரப்பட்டையில் செருப்பும், ரொட்டியில் தொப்பியும் செய்து போட்டுவிடுகிறான். அம்மா அதெல்லாம் நிற்காது, துணியிலேயே தைக்கிறேன் என்கிறாள். தருணுக்குச் சின்னதாகிப்போன சட்டை இரண்டு எடுத்து வா, கட்டம் போட்டதாக இருந்தால் நல்லது. ரயிலில் டிக்கெட் கிடைத்ததும் எந்த வண்டி என்று சொல், ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா
சுவாமிமலை