புளிக்கறை பட்ட தாள்

மந்தைவெளி, சென்னை

அன்புள்ள கயல்,

போன ஞாயிறு போனில் உன் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டதற்கு "விடும்மா, உனக்குப் புரியாது" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். முப்பது வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்தவள் நான், மனசு கேட்கவில்லை. ஆன்டிபுரோட்டான் மோதி அணுக்களிலிருந்து எலக்ட்ரானைக் கழற்றுவது பற்றி நீ எழுதி அனுப்பிய கட்டுரையை எடுத்து வைத்துக்கொண்டு, தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் கணக்குப் போட ஆரம்பித்தேன்.

ஆன்டிபுரோட்டானைப் பற்றி வகுப்பில் ஒரு வரிதான் சொல்லியிருப்பேன். 1955இல் பெர்க்லியில் கண்டுபிடித்தார்கள், புரோட்டானின் நிறைதான், மின்னேற்றம் மட்டும் எதிர், அவ்வளவே. அந்த ஒரு குறி மாறியதற்கே, வேகமாக மோதும்போது ஹீலியம் அணுவின் இரண்டு எலக்ட்ரானையும் சேர்த்துக் கழற்றுவது புரோட்டானைப்போல் சுமார் இரண்டு மடங்கு என்று 1986இல் ஜெனீவா பக்கத்து செர்ன் ஆய்வகத்தில் அளந்தார்களாமே! நீ ஏன் இதைப் பிடித்துக்கொண்டாய் என்று அங்கேதான் புரிந்தது.

ஹைட்ரஜன் சீக்கிரமே பிடிபட்டது. ஆன்டிபுரோட்டான் நெருங்க நெருங்க அணுக்கருவின் இழுப்பு கழிந்துகொண்டே வருகிறது. போர் ஆரத்தில் (Bohr radius, ஹைட்ரஜனில் கருவுக்கும் எலக்ட்ரானுக்கும் உள்ள வழக்கமான தூரம்) 0.639 பங்குக்குள் வந்துவிட்டால் எலக்ட்ரானைப் பிடித்துவைக்க ஒன்றுமில்லை. இயற்பியலாளர்கள் ஃபெர்மியும் டெல்லரும் 1947இலேயே சொன்னது. அதனால் மெதுவாக வந்தாலும் எலக்ட்ரான் கழன்றுவிடும்.

மாட்டிக்கொண்டது ஹீலியம் அயனியில், அதாவது ஓர் எலக்ட்ரானை இழந்த ஹீலியத்தில். அங்கும் ஒரே எலக்ட்ரான்தானே, வேகம் குறைந்தால் அயனியாக்கம், அதாவது எலக்ட்ரான் கழல்வது மட்டும் ஏன் உன் கட்டுரையில் இப்படிச் சரிகிறது? இரண்டு ராத்திரி யோசித்தேன். புதன்கிழமை வத்தக்குழம்புக்குப் புளி கரைக்கும்போதுதான் தோன்றியது. ஈரக் கையோடு போய், ஹீலியம் கருவின் மின்னேற்றத்திலிருந்து ஆன்டிபுரோட்டானுடையதைக் கழித்து 2 − 1 என்று எழுதினேன், அந்த இடத்தில் கறை அப்படியே இருக்கிறது. ஆன்டிபுரோட்டான் கருவின் மேலேயே வந்து உட்கார்ந்தாலும் ஒரு மின்னேற்றம் மிச்சம் இருக்கிறதே! 54.4 எலக்ட்ரான் வோல்ட் பிடி 13.6 வரை தளரும், அறுந்துபோகாது. சரிதானே?

அப்புறம் ஒரு சந்தேகம். அயனி நேர்மின்னேற்றம் கொண்டது, ஆன்டிபுரோட்டானைத் தன் பக்கம் இழுக்கும். நீ அதன் பாதையை நேர்கோடாக எடுத்திருக்கிறாய். வேகமாக வந்தால் சரி, மெதுவாக வரும்போது பாதை உள்பக்கம் வளையாதா? அதனால் உன் விடை எவ்வளவு மாறும்?

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது முதலில் இதைச் சொல். தாளும் பேனாவும் போன் பக்கத்திலேயே வைத்திருப்பேன். அவசரப்படாமல் சொல்லு கண்ணு, எனக்கு நேரம் இருக்கிறது.

அன்புடன்,
அம்மா