செயலி என்ன கேட்கிறது என்று பாருங்கள்: ஆண்ட்ராய்டு குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கூகுள் நிறுவனத்தின் ஆண்ட்ராய்டு குழுவினருக்கு,

வணக்கம். ஈரோடு மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். பகலில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பதும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதும் என் பிழைப்பு. இரவில் செயலி எழுதுகிறேன். எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் பால் ஊற்றும் பெண்களுக்காக நான் செய்த செயலி ஒன்று 43 கைபேசிகளில் இருக்கிறது. காலையில் எத்தனை லிட்டர், மாலையில் எத்தனை, ஃபேட் (கொழுப்பு) எவ்வளவு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு அல்லாத திடப்பொருள்) எவ்வளவு என்று அவர்களே பதிந்துகொள்வார்கள். பத்து நாளைக்கு ஒரு முறை பட்டுவாடா. அன்று சங்கம் தரும் சீட்டையும் கைபேசியில் வந்த கூட்டுத்தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். கணக்கு ஒத்துப்போனால் கையெழுத்து, ஒத்துப்போகாவிட்டால் கேள்வி. அந்தச் செயலியின் வேலை அவ்வளவுதான். அது இணையத்தைத் தொடாது, யாருடைய தொலைபேசி எண்ணையும் கேட்காது.

இந்தச் செயலியை நான் ப்ளே ஸ்டோரில் வைக்கவில்லை. ஏபிகே கோப்பாக, அதாவது கைபேசியில் நேரடியாக நிறுவும் கோப்பாக, வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பாதிப் பேருக்குச் சங்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து நானே நிறுவிக் கொடுத்தேன். செயலி செய்பவர்கள் எல்லோரும் உங்களிடம் தங்கள் அடையாளத்தைப் பதிய வேண்டும் என்று நீங்கள் கொண்டுவரும் விதி இந்தத் திண்ணை வரை வருகிறது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் நன்றி சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆண்ட்ராய்டு வந்த புதிதில் பல கைபேசிகளில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. எழுத்து தெரியத் தொடங்கிய பிறகும் அது முழு உயரத்தில் நிற்கவில்லை. உங்கள் இயங்குதளத்துக்குள் தமிழுக்கு இரண்டு எழுத்துருக்கள் இருந்தன. ஒன்று இயல்பான உயரம் உடையது. மற்றது ஆங்கில எழுத்துக்காக அளவெடுத்த பெட்டிகளுக்குள் அடங்கும்படி மேலும் கீழும் ஒடுக்கப்பட்டது. ஒடுக்கப்பட்டதுதான் இயல்பிருப்பு, அதாவது எதுவும் கேட்காவிட்டால் தானாக வருவது. 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 முதல், செயலி எழுதுபவர் விரும்பினால் உயரமான எழுத்தைக் கேட்டு வாங்கலாம் என்று ஒரு வழி வைத்தீர்கள். அப்படி ஒரு வழி இருப்பதே தமிழில் செயலி எழுதிய பலருக்குத் தெரியாது. ஆண்ட்ராய்டு 15-ஐ இலக்காகக் கொண்ட (அந்தப் பதிப்புக்கென்று எழுதப்பட்ட) செயலிகளில் உயரமான எழுத்தே இயல்பிருப்பு ஆனது. 2025 ஜூனில் வந்த ஆண்ட்ராய்டு 16-ஐ இலக்காகக் கொண்டால் ஒடுக்கப்பட்ட எழுத்தைக் கேட்டாலும் கிடைக்காது. தமிழோடு மலையாளம், கன்னடம், தெலுங்கு, குஜராத்தி, ஒடியா, அரபி, தாய், லாவோ, பர்மிய எழுத்துகளுக்கும் இதே மாற்றம். எந்த விழா மேடையிலும் விளம்பரத்திலும் இடம்பெறும் அம்சம் இல்லை இது. ஆனாலும் அண்மை ஆண்டுகளில் நீங்கள் செய்த வேலைகளில் எனக்கு இதுதான் பெரியது.

ஏன் என்று சொல்கிறேன். என் செயலியைப் புதிய பதிப்புக்கு மாற்றிக் கொடுத்த வாரம், சங்கத்தில் மூத்த உறுப்பினரான ஒரு பெரியம்மா கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். கண் பார்வை மங்கியதால் எழுத்தின் அளவைக் கூட்டி வைத்திருக்கிறார். ஆண்ட்ராய்டு 14-இலிருந்து இரண்டு மடங்கு வரை கூட்டலாம் அல்லவா, அப்படி. "மொததம என்றால் என்ன கண்ணு?" என்று கேட்டார். பார்த்தேன். 'மொத்தம்' என்று எழுதியிருந்த பொத்தானில் இரண்டு புள்ளிகளும் காணோம். எழுத்து தன் உயரத்துக்கு நிமிர்ந்துவிட்டது. நான் அந்தப் பொத்தானின் உயரத்தைப் பழைய அளவிலேயே பூட்டி வைத்திருந்தேன். மேலே புள்ளி வெட்டுப்பட்டது, கீழே 'கொழுப்பு' என்ற சொல்லில் உகரச் சுழிகள் வெட்டுப்பட்டன. பூட்டை எடுத்துவிட்டேன். இரண்டு வரி மாற்றம்தான். அன்று மாலையே கோப்பை மறுபடி அனுப்பினேன். மறுநாள் காலையில் பால் ஊற்ற வரும்போது பெரியம்மாவின் கைபேசியில் 'மொத்தம்' முழுதாக இருந்தது.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் என் வழக்கே இருக்கிறது. மாலையில் திருத்தினேன், காலையில் அவர் கையில் இருந்தது. நடுவில் யாருடைய ஒப்புதலும் தேவைப்படவில்லை.

2025 ஆகஸ்டில் நீங்கள் அறிவித்த விதிப்படி, கூகுள் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு கருவிகளில் நிறுவப்படும் செயலி எதுவானாலும், அது ப்ளே ஸ்டோருக்கு வெளியே இருந்து வந்தாலும், அதைச் செய்தவர் உங்களிடம் தம்முடைய சட்டப்பூர்வமான பெயர், முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி எண் ஆகியவற்றைக் கொடுத்து அடையாளத்தை உறுதிப்படுத்தியிருக்க வேண்டும். அரசு தந்த அடையாள அட்டையையும் நீங்கள் கேட்கலாம். செயலியின் தொகுப்புப் பெயரையும் (கைபேசி அதை அடையாளம் காணும் பெயர்) கையொப்பச் சாவியையும் (செய்தவர் இவர்தான் என்று காட்டும் மின்முத்திரை) பதிய வேண்டும். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து என நான்கு நாடுகளில் தொடக்கம். 2027 முதல் மற்ற நாடுகளுக்கும் படிப்படியாக. எதிர்ப்பு எழுந்த பிறகு 2025 நவம்பரில் இரண்டு சலுகைகளைச் சொன்னீர்கள். ஆபத்தைத் தெரிந்தே நிறுவ விரும்பும் அனுபவம் உள்ளவர்களுக்கு ஒரு தனி வழி. மாணவர்களுக்கும் ஆர்வத்துக்காகச் செய்பவர்களுக்கும், குறைந்த எண்ணிக்கையிலான கருவிகளுக்கு மட்டும் கொடுக்கும்படி ஒரு தனிக் கணக்கு. கணினியோடு கம்பி போட்டு நிறுவும் வழியும் இருக்கும் என்றீர்கள். 43 பெண்களின் வீட்டுக்கும் மடிக்கணினியும் கம்பியுமாக நான் போய்வர முடியாது. அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

உங்கள் கவலை பொய் என்று நான் சொல்லமாட்டேன். இணையத்திலிருந்து நேரடியாக நிறுவப்படும் செயலிகளில் தீம்பொருள் (கெடுதல் செய்யும் நிரல்) ப்ளே ஸ்டோரைவிட 50 மடங்குக்கு மேல் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறீர்கள். இருக்கலாம். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரிலும் வண்டிக்கு அபராதச் சீட்டு என்ற பெயரிலும் ஏபிகே கோப்புகள் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் வந்திருக்கின்றன. பக்கத்துத் தெருவில் கறவை மாடு வாங்க வைத்திருந்த பணம் ஒரே இரவில் போனதைப் பார்த்தேன். மறுநாள் அந்தக் கைபேசியை என் கடையில்தான் கொண்டுவந்து கொடுத்தார்கள். பத்திரிகை என்று வந்த அந்தச் செயலி, வரும் குறுஞ்செய்திகளை எல்லாம் படிக்க அனுமதி வாங்கியிருந்தது. ஓடிபி வந்தது, போனது.

அந்தக் கைபேசியை வெகுநேரம் கையில் வைத்திருந்தேன். அந்தச் செயலி யார் செய்தது என்று தெரிந்திருந்தால் அந்தப் பணம் தப்பியிருக்குமா? தப்பியிருக்காது என்றே நினைக்கிறேன். எங்கள் நாட்டில் வங்கிக் கணக்குத் திறக்க ஆதார் போன்ற அடையாளச் சான்று கேட்கிறார்கள், பான் கேட்கிறார்கள், புகைப்படம் கேட்கிறார்கள். இத்தனையும் இருந்தும் மோசடிப் பணம் ஓடுவது வாடகைக் கணக்குகளில்தான். கஷ்டத்தில் இருக்கும் யாரோ ஒருவரிடம் சில ஆயிரம் ரூபாய் கொடுத்து அவர் பெயரில் உள்ள கணக்கை வாங்கிக்கொள்கிறார்கள். சிம் அட்டையும் அப்படியே. கணக்கும் சிம்மும் வாடகைக்குக் கிடைக்கிற சந்தையில் செயலி செய்பவரின் அடையாளம் மட்டும் கிடைக்காமலா போகும்? திருடன் அந்த விலையையும் செலவுக் கணக்கில் எழுதிக்கொண்டு நகர்ந்துவிடுவான். விதிக்குப் பயந்து நின்றுவிடுபவர் சும்மா நாலு பேருக்கு உதவலாம் என்று செயலி செய்தவர்தான்.

அந்தப் பணத்தைத் தடுத்திருக்கக்கூடிய வேலையை நீங்களே ஏற்கெனவே தொடங்கியிருக்கிறீர்கள். ஆண்ட்ராய்டு 13-இல், வெளியிலிருந்து நிறுவிய செயலி அணுகல்தன்மை அமைப்புகளை (மாற்றுத்திறனாளிகளுக்கு உதவத் திரையைப் படிக்கவும் இயக்கவும் விடும் அனுமதி) எளிதில் எடுத்துக்கொள்ள முடியாதபடி தடை வைத்தீர்கள். 2024-இல் சிங்கப்பூரில் தொடங்கி இந்தியாவுக்கும் கொண்டுவந்த ப்ளே புரொடெக்ட் (கைபேசியில் செயலிகளைச் சோதிக்கும் உங்கள் காவல் வசதி) பாதுகாப்பு, உலாவி வழியாகவோ வாட்ஸ்அப் போன்றவை வழியாகவோ வந்த செயலி குறுஞ்செய்தி, அறிவிப்பு, அணுகல்தன்மை அனுமதிகளைக் கேட்டால் நிறுவும்போதே தடுக்கிறது. இதுதான் சரியான இடத்தில் வைத்த காவல். கதவைத் தட்டுபவன் பூட்டுச் சாவியைக் கேட்கிறானா, ஒரு சொம்புத் தண்ணீரைக் கேட்கிறானா என்று பார்க்கிற காவல்.

இதையே இன்னும் ஓர் அடி எடுத்துச் செல்லுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. குறுஞ்செய்தி, அறிவிப்பு, அணுகல்தன்மை, தொடர்புப் பட்டியல் எதையும் தொடாத, இணைய அனுமதியும் கேட்காத செயலியை, செய்தவர் உங்களிடம் பதியாதவராக இருந்தாலும் இன்று போலவே நிறுவ விடுங்கள். இன்று இணைய அனுமதியை நிறுவும்போதே கேள்வி இல்லாமல் கொடுத்துவிடுகிறீர்கள். பயன்படுத்துபவருக்கு அப்படி ஒரு அனுமதி இருப்பதே தெரிவதில்லை. அதைத் திரையில் காட்டுங்கள். "இந்தச் செயலியால் இணையத்துக்குப் போக முடியாது" என்று ஒரு வரி வரட்டும். பால் கணக்குப் போடும் பெண்ணுக்கு அந்த ஒரு வரி என் ஆதார் அட்டையைவிட அதிகம் சொல்லும். இணைய அனுமதி இல்லாத செயலியும் உலாவியைத் திறந்து அதன் வழியே தகவலை அனுப்பலாமே என்று உங்கள் பாதுகாப்புப் பிரிவினர் கேட்பார்கள். அனுப்பலாம்தான். ஆனால் உலாவி திறப்பது கண்ணுக்குத் தெரியும். இரவில் மறைந்திருந்து ஓடிபி படிக்கும் செயலிக்கு அது உதவாது.

ப்ளே ஸ்டோரிலேயே வைத்துவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். 25 டாலர் கட்டணம் ஒரு புறம் இருக்கட்டும். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், 12 பேரைத் தொடர்ந்து 14 நாள் சோதிக்க வைத்த பிறகே வெளியிட விண்ணப்பிக்கலாம். முன்பு 20 பேராக இருந்ததைக் குறைத்தீர்கள், சரி. எனக்கு உண்மையான தடை வேறு. ஆண்ட்ராய்டின் புதிய பதிப்புகளை இலக்காக வைத்துச் செயலியை அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருந்தால்தான் புதிய கைபேசிகள் வைத்திருக்கும் புதியவர்களுக்கு அது அங்கே கிடைக்கும். என் செயலி முடிந்துவிட்ட செயலி. லிட்டரை விலையால் பெருக்கும் கணக்கு அடுத்த ஆண்டும் மாறாது. தச்சர் செய்த முக்காலி போல அது பாட்டுக்கு இருக்கட்டும். மாற்ற வேண்டியபோது, 'மொததம' என்று தெரியும்போது, நான் மாற்றிக்கொள்வேன்.

மாணவர்களுக்கான கணக்கைப் பற்றி இரண்டு சொல். என் கடைக்கு ஒரு பத்தாம் வகுப்புப் பெண் வருகிறாள். தம்பிக்காக வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கும் செயலி செய்கிறாள். ப்ளே கணக்குத் திறக்க 18 வயது வேண்டும், அவளுக்கு மூன்று ஆண்டு இருக்கிறது. வீட்டில் கணினி இல்லை. செயலி எழுத நீங்கள் தரும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ மென்பொருளுக்குக் குறைந்தது 8 ஜிபி நினைவகம் கேட்கிறீர்கள். அவளுக்கு வாய்த்தது அம்மாவின் கைபேசியும் என் கடையின் ஒரு நாற்காலியும். 2025-இல் உங்கள் பிக்சல் கைபேசிகளுக்குள் லினக்ஸ் முனையத்தை (கணினியைப் போல் கட்டளை தட்டி வேலை செய்யும் திரை) கொடுத்தீர்கள். டெபியன் என்ற கணினி இயங்குதளம் முழுதாகக் கைபேசிக்குள்ளேயே ஓடுகிறது என்று படித்தபோது அவளைத்தான் நினைத்தேன். அதைப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க் கைபேசிக்கும் கொண்டுவாருங்கள். கைபேசியிலேயே எழுதி, கைபேசியிலேயே செயலியாக ஆக்கி, அடுத்த பெஞ்சில் இருப்பவளுக்குக் கொடுக்க முடிய வேண்டும். கொடுப்பதற்கு அப்பாவின் அடையாள அட்டை கேட்காத கணக்காக அது இருக்க வேண்டும். எத்தனை கருவிகள் என்று வரம்பு வைக்கும்போது, ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்து எண்ணாதீர்கள். ஒரு வகுப்பறையை, ஒரு பால் சங்கத்தை வைத்து எண்ணுங்கள்.

கடைசியாக, அனுபவம் உள்ளவர்களுக்கு என்று சொன்னீர்களே, அந்தத் தனி வழி. அதில் வரப்போகும் எச்சரிக்கைத் திரையைத் தமிழில் எழுதும்போது தமிழில் யோசிக்கிற ஒருவரை உட்கார வைத்து எழுதுங்கள். ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த நீண்ட வாக்கியத்தைக் கண்டால் எங்கள் ஊரில் இரண்டே வகைதான் நடக்கிறது. படிக்காமல் 'சரி' அழுத்துகிறார்கள், அல்லது பயந்து கைபேசியை மூடி வைக்கிறார்கள். இரண்டினாலும் யாருக்கும் பாதுகாப்பு இல்லை. "இந்தச் செயலியைக் கொடுத்தவரை உங்களுக்கு நேரில் தெரியுமா? இப்போது யாராவது தொலைபேசியில் இருந்துகொண்டு இதை நிறுவச் சொல்கிறார்களா?" இந்த இரண்டு கேள்விகளை எங்கள் பெரியம்மாவால் படிக்க முடியும், பதில் சொல்லவும் முடியும். முதல் கேள்விக்கு அவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு 'தெரியும்' என்று அழுத்துவார்.

அந்தத் திரையிலும் புள்ளிகள் வெட்டுப்படாமல் இருக்கிறதா என்று, எழுத்தளவை இரண்டு மடங்கு கூட்டி ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பால் கணக்குச் செயலி செய்த ஒருவன்,
ஈரோடு மாவட்டம்