'ஆல் பர்ப்பஸ்' சீட்டு போதாது: வாசனை எண்ணெய் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஒரே கேனிலிருந்து அகர்பத்திக்கும் மெழுகுவர்த்திக்கும் ஃப்ளோர் கிளீனருக்கும் சோப்புக்கும் ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் நம் கடைகளில் இன்னும் போகவில்லை. பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் 'மல்லிகை, 100 மி.லி., ஆல் பர்ப்பஸ்'. வீட்டில் கோல்ட் ப்ராசஸ் முறையில், அதாவது எண்ணெயையும் காஸ்டிக் சோடாக் கரைசலையும் காய்ச்சாமல் கலந்து, சோப்பு செய்யும் எங்களுக்குத் தெரிய வேண்டியது இரண்டு: இது தோலுக்கு ஆகுமா? காஸ்டிக் சோடாவைத் தாங்குமா? ஒன்றுக்கு ஆம் என்றால் மற்றதற்கும் ஆம் என்று கிடையாது.

தோல் விஷயத்துக்கு இஃப்ரா சான்றிதழ் இருக்கிறது. சர்வதேச வாசனைப் பொருள் சங்கமான இஃப்ராவின் விதிப்படி, அந்த எண்ணெயைத் தயாரித்தவர் தர வேண்டிய தாள் அது. எந்த வகைப் பொருளில் அதிகபட்சம் எத்தனை சதவீதம் சேர்க்கலாம் என்று அதில் இருக்கும். அதில் நாங்கள் பார்ப்பது 9-ஆம் வகை; தேய்த்துக் கழுவிவிடும் சோப்பும் ஷாம்பும் அதில்தான் வரும். 12-ஆம் வகை மெழுகுவர்த்தி போன்றவற்றுக்கு. அங்கே பெரும்பாலும் 100 சதவீதம் என்றிருக்கும். அந்த வரியைக் காட்டி "இஃப்ரா உண்டு சார்" என்பது பதிலாகாது. தாளின் தேதியும் முக்கியம். 2020-இல் வந்த 49-ஆவது திருத்தத்தில் வகைப் பிரிப்பே மாறியது; 2023-இல் 51-ஆவதும் வந்துவிட்டது.

தாளில் உள்ள சதவீதம் முடிந்த சோப்பின் எடைக்கு. சோப்புக்கு ஊற்றும் அடிப்படை எண்ணெயின் எடைக்கு அல்ல. 1 கிலோ எண்ணெய், சுமார் 145 கிராம் காஸ்டிக் சோடா, 300 கிராம் தண்ணீர், எண்ணெய் எடையில் 3 சதவீதக் கணக்கில் 30 கிராம் வாசனை: மொத்தம் 1,475 கிராம். ஆறு வாரம் காய்ந்தபின் ஏறக்குறைய 1,300 கிராம் நிற்கும். அப்போது வாசனை 2.3 சதவீதம். 9-ஆம் வகையில் வரம்பு 2 என்றால் 26 கிராமோடு நிறுத்த வேண்டும். தாளே தராவிட்டால் எதை வைத்துக் கணக்குப் போடுவது?

அகர்பத்திக்கென்று கலந்ததைச் சோப்புக்குத் தரவே கூடாது. எரிக்கும் பொருளுக்கான கலவையில் மஸ்க் ஆம்ப்ரெட் என்ற செயற்கைக் கஸ்தூரி போன்றவை இருக்க வாய்ப்பு உண்டு. தோலில் பட்டு வெயிலில் போனால் ஒவ்வாமை தரும் என்பதால் இஃப்ரா அதைத் தடை செய்திருக்கிறது. லிலியால் என்ற செயற்கைப் பூ வாசனைப் பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் முதல் அழகுசாதனங்களில் அனுமதிப்பதில்லை. கேனில் இவை உண்டா இல்லையா என்பது உங்களுக்குச் சரக்கு தருபவருக்குத் தெரியும், கேட்டு வாங்குங்கள்.

அடுத்து காரம், அதாவது காஸ்டிக் சோடா. கிராம்பு, பட்டை இலை வாசனைகளில் உள்ள யூஜெனால் காரத்தோடு சேர்ந்ததும், ட்ரேஸ் (ஊற்றினால் மேலே தடம் நிற்கும் அளவுக்குக் கெட்டியாகும் பதம்) வந்த கலவை அரை நிமிடத்தில் இறுகி, கரண்டியே அசையாமல் நின்றுவிடும். பூ வாசனைகள் பலவும் இப்படித்தான். டிபிஜி (டைப்ரொப்பிலீன் கிளைக்கால்) என்ற கரைப்பானை அதிகம் கலந்து நீர்க்கவைத்த எண்ணெயும் இறுகுவதை வேகப்படுத்தலாம். சில வாசனைகளில் கலவை குருணை குருணையாகத் திரியும். வெனிலா மணம் தரும் வெனிலின் இருந்தால் வெள்ளைச் சோப்பு சில நாளில் பழுப்பாகி, வாரங்களில் சாக்லேட் நிறத்துக்குப் போகும். பக்கத்து வெள்ளை அடுக்கிலும் ஊறும். எலுமிச்சை, ஆரஞ்சு வாசனைகள் காய்வதற்குள் பறந்துவிடும். மே மாத வெயிலில் எண்ணெய் அடுப்பில் ஏற்றாமலே 35 டிகிரியில் இருக்கும் ஊர் நம்முடையது. குளிர் ஊரில் சாதுவாக இருந்த வாசனை இங்கே கட்டியாவதில் வியப்பில்லை.

ஃப்ளாஷ் பாயின்ட் குறைவு, அதனால் சோப்பில் வாசனை நிற்காது என்று கவுன்டரில் சொல்லாதீர்கள். நெருப்புக் காட்டினால் எந்த வெப்பத்தில் அதன் ஆவி பற்றும் என்பதுதான் அந்த எண். லாரியில் ஏற்றுபவருக்கும் கிடங்கு வைப்பவருக்கும் உதவும்.

100 மி.லி. 200 ரூபாய்க்கு 'இயற்கை மல்லிகை எண்ணெய்' என்பதையும் விட்டுவிடுங்கள். சத்தியமங்கலத்து மல்லிகையிலிருந்து கரைப்பான் வைத்து எடுக்கும் அப்சல்யூட் என்ற செறிந்த பூச்சாரம் கிலோ லட்சக்கணக்கில் விற்கிறது. செயற்கை என்று சொல்லி விற்றாலும் வாங்குவோம்.

ஒவ்வொரு வாசனையையும் விற்பனைக்கு வைக்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். 100 கிராம் எண்ணெயில் செய்த கலவையை 35 டிகிரியில், இலேசான ட்ரேஸில் நிறுத்தி, 3 கிராம் வாசனையை விட்டுக் கையால் கலக்குங்கள். பிளெண்டர் வேண்டாம், எந்த வாசனையானாலும் இறுகுவதை அது வேகப்படுத்திக் காட்டும். அலுமினியப் பாத்திரமும் வேண்டாம், காரம் அரித்துவிடும். எத்தனை நிமிடத்தில் இறுகியது, குருணை திரிந்ததா, நான்காவது வாரம் நிறமும் மணமும் எப்படி என்று குறித்து, வெனிலின் சதவீதத்தோடு சீட்டில் அச்சிடுங்கள். 9-ஆம் வகை வரம்பும் பேட்ச் எண்ணும் அதே சீட்டில் வரட்டும். நாங்கள் தராசில்தான் அளக்கிறோம், எனவே மி.லி.யோடு கிராமும் போடுங்கள்.

சரக்கு தருபவர் கலவையை மாற்றினால் பெயரையாவது மாற்றி விற்க வேண்டும். பழைய பெயரில் புது எண்ணெய் வந்தால், பழைய அளவை நம்பி ஊற்றுபவரின் ஒரு தட்டுச் சோப்பு மொத்தமும் வீண்.

இப்படிக்கு,
வீட்டில் சோப்பு செய்வோர்